வடிகால் இல்லாத படம்

'அமைதி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வசந்தவெளியில் வீடு. எத்தனையோ பேர் சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு போன வார்த்தை. தையல்நாயகியின் வாயில் மட்டும் அது வருவேனா என்றது.

அவளைப் பிடிவாதக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். சொல்லத்தான் வந்தாள். காலையிலேயே தலைக்குக் குளித்து, இருக்கிற மூன்று புடவையில் நல்லதைக் கட்டிக்கொண்டு, "அமைதி, அமைதி" என்று முணுமுணுத்தபடியே ஏழாம் மாடிக்கு ஏறி வந்தாள். சன்னல் இல்லாத அந்த அறையில், நாற்காலியில் உட்கார்ந்து, சுவரகலத்துக்கு மாட்டியிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். ஏறி வந்த வார்த்தை பாதியிலேயே இறங்கிப் போய்விட்டது.

"பதறாம பாருங்கம்மா," என்றான் எட்வின். அவன்தான் மதிப்பீட்டாளன். நாற்பது வயசு, நாகர்கோவில்காரன், எப்போதும் தூக்கம் போதாத முகம். "என்ன தோணுதோ அதச் சொல்லுங்க. ரெண்டாவது வாய்ப்பு இது. இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

படத்துக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடிக் கண் இருந்தது. முகாமில் அதற்குப் பெயர் கண்ணுப்பெட்டி. பார்க்கிறவர்களின் விழி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, நாடி எப்படித் துடிக்கிறது என்று எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டிருக்கும்.

படம் அழகுதான். அழகில்லை என்று யார் சொன்னது? மேலே நீல மலை. மலையடியில் விளிம்பு வரைக்கும் தளும்புகிற ஏரி. அதிலிருந்து வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு வாய்க்கால் இறங்கி வயலுக்குள் போகிறது. வயலெல்லாம் பொன்னாக விளைந்த நெல். கதிருக்கு அடியில் தண்ணீர் கண்ணாடி போல் நிற்க, அதில் மேகம் மிதக்கிறது. வயலுக்கும் கீழே, பூச்செடிகளுக்கு நடுவில் சிவப்பு ஓட்டு வீடுகள். ஒரு ஓரமாகப் பெரிய மரம், அதன் நிழலில் யாரும் இல்லை. நாலு வெள்ளைப் பசுக்கள். வரப்பில் இடுப்புக் குடத்தோடு முதுகைக் காட்டி நடந்து போகும் ஒரு பெண்.

"நெல்லு முத்திப் போச்சு சார்," என்றாள் தையல்நாயகி.

"ம்."

"அறுக்கப் போற வயல்ல தண்ணி நிக்குதே. பத்து நாளைக்கு முந்தியே வடிச்சிருக்கணும்ல? எங்க வடிப்பான்? உள்ள வர வாய்க்கால் இருக்கு. வெளிய போற வடிகால் எங்க? நானும் நாலு மூலையும் தேடிட்டேன், ஒரு மடைகூட இல்ல."

"வேற என்ன தெரியுது?"

"மாடு நாலு நிக்குது. வெளஞ்ச பயிருக்கும் அதுக்கும் பத்தடி. கட்டல. மேய்க்க ஆளு இல்ல. அப்பறம் ஏன் அது வாய வைக்கல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

எட்வின் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தான்.

"இந்தப் பொம்பள கொடத்தத் தூக்கிட்டுப் போறா. பொடவையில ஒரு பொட்டு சேறு இல்ல. வரப்புல நடந்தவ காலு இப்படியா இருக்கும்? சார், நான் ஒம்பது வயசுலேர்ந்து நாத்துப் பறிச்சவ. அட்டை கடிச்ச தழும்பு இன்னும் முழங்கால்ல இருக்கு. நீங்க இதக் காட்டி, ஒன் ஊரப் பாரு, ஒன் ஊரப் பாருங்குறீங்க. இப்படி ஒரு ஊர நான் பொறந்ததுலேர்ந்து பாக்கல."

மேசை மேல் மஞ்சள் விளக்கு எரிந்தது. எட்வின் எண்ணைப் படித்தான். "பதற்றம், எழுபத்தொண்ணு. அம்பதுக்குக் கீழ வரணும்மா."

*

கடல் உள்ளே வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. முதலில் கிணறு உப்பாச்சு. அப்புறம் வயல். கடைசியில் வீட்டு வாசலில் நண்டு ஓடியது. புதுக்கோட்டைப் பக்கம் பொட்டலில் பதினாலு மாடி முகாம் கட்டி, கரையோரத்துச் சனத்தையெல்லாம் அதில் அடைத்தார்கள். புதிதாக ஊர்கள் எழுப்பி அனுப்புவதாக மறுகுடியமர்வு வாரியம் சொன்னது. முதலில் எழுப்பிய இரண்டு ஊர்களில் ஒரே சண்டை, மறியல். ராவோடு ராவாகக் கடற்கரைக்குத் திரும்பிப் போனவர்கள் பாதி. மனசு ஆறாதவர்களை அனுப்பினால் ஊர் நிலைக்காது என்று முடிவு செய்தார்கள். மூன்றாவதாக, இந்த வருஷம் எழுப்பிய வசந்தவெளிக்குப் போகிறவர்களுக்கு மனசு ஆறிவிட்டதா என்று பார்க்கத்தான் அந்தப் படம், அந்தக் கண்ணுப்பெட்டி.

"எத்தன?" என்று கேட்டார் முனாஃப் பாய், அவள் மாடிப்படி இறங்கும்போதே. நாகூர் பேருந்து நிலையத்தில் முப்பது வருஷம் டீக்கடை வைத்திருந்தவர். இங்கே அவருக்கு ஒரு சட்டியும் இல்லை, அடுப்பும் இல்லை. பித்தளைக் கெட்டில் மட்டும் மிச்சம்.

"எழுவத்தொண்ணு."

"என்னவிட ஒண்ணு கூட! தங்கச்சி, நீ எனக்கு மேல போயிட்டே."

"நீங்க என்னதான் சொன்னீங்க பாய்?"

"மொத தடவ, ஊரு நல்லாருக்கு, டீக்கட எங்கன்னேன். ரெண்டாந்தடவ உஷாராத்தான் போனேன். கட இல்லாட்டி போவுது, அந்தப் பொம்பளையாச்சும் யாருகிட்டயாவது நின்னு ஒரு வார்த்தை பேசட்டுமேன்னேன். 'தனிமை உணர்வு'ன்னு எழுதிட்டான். முப்பது வருசம் ஒரு நிமிசம் தனியா இருந்தவனா நான்? பொண்டாட்டிகூட பேச நேரமில்லாம ஊரோட பேசிக் கெடந்தவன்."

தையல்நாயகி சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே நின்றது. அவளுக்கு அந்த ஊருக்குப் போயாக வேண்டும். வீட்டுக்காக இல்லை. வல்லி அங்கே இருந்தாள்.

வல்லி அவளுக்குத் தங்கச்சி. பத்தொன்பது வயசு வித்தியாசம். வல்லியைப் பெற்றுப் போட்டுவிட்டு அம்மா போய்ச் சேர, வயலுக்குப் போகும்போது மரத்தில் ஏணை கட்டி இந்தக் குழந்தையை வளர்த்தவள் தையல்நாயகி. ஆனால் ஒன்று: ஏணையை விட்டு இறங்கி நடக்கக் கற்ற பிறகு, வல்லியின் கால் சேற்றில் பட அவள் விடவே இல்லை. பந்து வயலில் விழுந்தால்கூட, "நில்லுடி, நான் எடுக்குறேன்" என்று தானே இறங்குவாள். 'நான் நின்னது போதும், எந் தங்கச்சி நிக்கக்கூடாது.' நடவு நட்ட கூலியில் படிக்க வைத்தாள். வல்லி வாத்தியாராகவும் ஆனாள். வரப்பில் செருப்போடு நடந்து போகும் தங்கச்சியைப் பார்த்துச் சேற்றுக்குள் நின்று சிரித்த பெருமை இருக்கிறதே, அது தையல்நாயகிக்கு ஒரு நகை மாதிரி.

எட்டு மாசத்துக்கு முன் வல்லி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். படத்தைப் பார்த்தாள். கண் கலங்கி, "எவ்வளவு அழகா இருக்கு சார்" என்றாள். பச்சை விளக்கு. பதற்றம் பன்னிரண்டு. அடுத்த வாரமே புருஷனோடு பேருந்து ஏறிவிட்டாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் குரல் வரும். அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. கூடத்துச் சுவரில் பதித்த ஒலிபெருக்கியில் காதை வைத்துக் கேட்டாள் அக்காக்காரி.

"அக்கா, நல்லா இருக்கோம். இஞ்ச எல்லாம் படத்துல இருக்குற மாதிரியே இருக்கு. ஒண்ணுகூட மாறல. குறுவை வெளஞ்சிருச்சு. வயல்ல தண்ணி கண்ணாடி மாதிரி நிக்குது, மேகமெல்லாம் தெரியுது. எனக்கு ஒரு வேல குடுத்திருக்காங்க, நேர்ல வந்தா சொல்றேன், சிரிப்ப. நம்ம வீட்டுக்குப் பின்னால வேலி, வேலிக்கு அந்தாண்ட ஒரு காஞ்ச ஓடை. பாக்க அசிங்கமா இருக்குன்னு பூச்செடி வச்சு மறைச்சிருக்காங்க. மழக்காலம் வந்தா இன்னும் அழகா இருக்குமாம். சீக்கிரம் வாக்கா."

தையல்நாயகி சுவரிலிருந்து காதை எடுக்கவில்லை. குரல் நின்று வெகுநேரம் ஆகியும் எடுக்கவில்லை.

மேலே ஏரி. நடுவில் வயல். கீழே வீடு. இன்னும் பத்து நாளில் ஐப்பசி.

*

மறுநாள் மதியம் எட்வின் தயிர்சாதத்தைத் திறந்தபோது எதிரில் வந்து நின்றாள்.

"அந்தப் படத்த வரைஞ்சவர நான் பாக்கணும் சார்."

"வரைஞ்சவர்னு யாரும் இல்லம்மா. லட்சக்கணக்கான பழைய படங்களப் பாத்து கருவியே வரைஞ்சது. எந்த மலை, எந்தப் பச்சை, எங்க தண்ணி இருந்தா மனுசங்களுக்குப் பிடிக்கும்னு கணக்குப் பாத்து வரைஞ்சது. யாருக்குக் காட்டுனாலும் பிடிச்சுப் போச்சு."

"அப்ப வசந்தவெளி? அந்த ஊரப் பாத்துல்ல படம் வரைஞ்சாங்க?"

எட்வின் கரண்டியை வைத்தான். "இல்லம்மா. படம்தான் முதல்ல. எல்லாருக்கும் பிடிச்ச படமா இருக்கே, அதையே ஊராக் கட்டிருவோம்னு கட்டுனாங்க. ஒரு அடி மாறாம. ஊர் நடுவுல கம்பத்துல ஒரு கண்ணுப்பெட்டி இருக்கு. படமும் ஊரும் ஒண்ணா இருக்கான்னு தினமும் ஒத்துப் பாக்கும்."

அவள் மேசைப் பக்கம் நெருங்கி வந்தாள்.

"எஞ்சினியரு ஒருத்தன்கூடக் கேக்கலையா? தண்ணி எப்படி வெளிய போவும்னு?"

"கேட்டாங்க. ரெண்டு பேர்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அவங்களயும் இந்த நாற்காலியிலதான் உக்கார வச்சாங்க."

"மஞ்ச வெளக்கா?"

"மஞ்சள்தான். பதற்றம் உள்ளவங்க சொல்றத யோசனையா எடுத்துக்கக் கூடாதுன்னு விதி. நீங்க இப்ப என்கிட்ட சொல்றதக்கூட நான் எழுதுனா, அது மனுவா போகாது. நோய்க்குறிப்பாத்தான் போகும்."

"அப்ப, கண்ணு தெரிஞ்சவனுக்கெல்லாம் நோயாளின்னு பேரு வச்சிட்டு, தெரியாதவங்களாப் பொறுக்கி ஏரிக்குக் கீழ குடி வச்சிருக்கீங்க."

எட்வின் தயிர்சாதத்தை மூடிவிட்டான்.

கண்ணு தெரியாதவர்கள் என்று சொல்லிவிட்டாளே தவிர, அந்தச் சொல் திரும்பி வந்து அவளையே தைத்தது. வல்லியின் கண்ணைக் கட்டியது யார்? 'நில்லுடி, நான் எடுக்குறேன்.' ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஐப்பசியில், மண்வெட்டியைக் கையில் கொடுத்து மடையை வெட்டச் சொல்லியிருந்தால், இன்றைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கும் ஓடையை அவள் அசிங்கம் என்று சொல்வாளா? மழைக்காலம் அழகாக இருக்கும் என்பாளா?

"எந் தங்கச்சிக்குச் சேதி அனுப்பணும்," என்றாள்.

"அனுப்பிப் பாருங்க. ஆனா குரல்ல பதற்றம் இருந்தா போய்ச் சேராதும்மா."

மூன்று முறை அனுப்பினாள். மூன்றும் திரும்பி வந்தன. மூன்றாவதில் குரலை எவ்வளவோ அடக்கி, பாட்டுப் பாடுகிற மாதிரிதான் பேசினாள். 'ஏரி' என்ற சொல் வந்ததும் தொண்டை நடுங்கியதைக் கருவி பிடித்துவிட்டது.

"சரி சார். மூணாவது வாய்ப்பு எப்ப?" என்று எட்வினிடமே திரும்பி வந்து கேட்டாள்.

"வியாழக்கிழமை. அதுல தோத்தா நிரந்தரமா இந்த மாடிதான். ஜெயிச்சா வெள்ளிக்கிழமை பேருந்து. மழைக்கு முன்னால அதுதான் கடைசி."

"பொய் சொன்னா?"

"வாய் பொய் சொல்லும்மா. கண்ணும் நாடியும் சொல்லாது. உங்க கண்ணு அந்த வயல் ஓரத்தயே சுத்திச் சுத்தித் தேடுது. தேடுற வரைக்கும் நாடி அடங்காது."

*

புதன்கிழமை காலையில் மொட்டை மாடியில் துணி துவைக்கப் போனாள். தொட்டி நிரம்பி வழிந்து, மாடி முழுக்கக் கணுக்கால் தண்ணீர். பெண்கள் ஆளாளுக்கு வாரியத்தைத் திட்டிக்கொண்டு புடவையைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். தையல்நாயகி தண்ணீரின் போக்கைப் பார்த்துக்கொண்டே மூலைக்கு நடந்தாள். குனிந்து கையை விட்டாள். பாலிதீன், தலைமுடி, சோற்றுப் பருக்கை. ஒரு இழுப்பு.

தண்ணீர் ஒரு சுழி சுழித்து இறங்கத் தொடங்கியது.

அவள் நிமிரவில்லை. தண்ணீர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவசரமாக, அப்புறம் நிதானமாக, அப்புறம் ஈரத்தரை மட்டும். ஒன்பது வருஷமாக நெஞ்சுக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று கால் நீட்டிப் படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"என்ன தங்கச்சி, சாமி வந்த மாதிரி நிக்குறே?" என்றார் முனாஃப், வேட்டியைப் பிழிந்துகொண்டே.

அவள் மெதுவாகத் திரும்பினாள். "பாய், நாம அந்தப் படத்தத் தப்பாப் பாத்துருக்கோம்."

"எப்படிப் பாத்தாலும் டீக்கட இல்லையே."

"இல்லன்னா என்ன? நீங்களே போடுங்க."

*

வியாழக்கிழமை.

நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்தாள். கண்ணுப்பெட்டி விழித்தது.

படத்தை நிமிர்ந்து பார்த்தாள். வயல் நின்றது. தண்ணீர் நின்றது. நெஞ்சு திக்கென்றது. பொறு, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். புடவையைத் தூக்கிச் செருகு. இறங்கு.

மனசுக்குள் இறங்கினாள். கால் புதைந்தது. களிமண், கெண்டைக்கால் வரைக்கும். தென்கிழக்கு மூலைக்கு நடந்தாள். அதுதான் தாழ்வு, மேகத்தின் நிழல் அங்கேதான் ஆழமாக விழுந்திருந்தது, கருவிக்கே தெரியாமல் கருவி அதைச் சரியாக வரைந்திருந்தது. மண்வெட்டியை ஓங்கினாள். ஒன்று. இரண்டு. ஏழாவது வெட்டில் வரப்பு வாயைத் திறந்தது. தண்ணீர் தயங்கி, எட்டிப் பார்த்து, பிறகு வெளியே நடந்தது. அவள் அதன் கூடவே நடந்தாள். வீடுகளுக்குப் பக்கவாட்டில் ஒரு முழ அகலத்துக்குக் கோடு வெட்டினாள். பூச்செடிகளைப் பிடுங்கினாள். வேலியைத் தாண்டினாள். காய்ந்த ஓடைக்குள் முதல் தண்ணீர் விழுந்தபோது புழுதி மணத்தது.

கண்கள் அந்தக் கோட்டில் போய் வந்துகொண்டிருந்தன. மெதுவாக. திரும்ப ஒரு தடவை. கதிர்களின் காலடி தெரிந்தது. ஈரமண்ணில் ஒரு கொக்கு வந்து இறங்கியது. அறுவாளோடு பத்துப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியை ஏதோ கேலி செய்தாள்.

"என்ன தெரியுது?" எட்வினின் குரல் எங்கேயோ தூரத்திலிருந்து கேட்டது.

"அமைதி," என்றாள் தையல்நாயகி. சொன்னது பொய் இல்லை.

பச்சை விளக்கு. எட்வின் எண்ணைப் பார்த்தான். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். "ஆறு," என்றான். "ஆறா! இங்க இதுவரைக்கும் யாரும் பத்துக்குக் கீழ வந்ததில்ல."

அப்புறம் திரையில் அவள் விழி போன தடத்தைப் பார்த்தான். வயலில் தொடங்கிய கோடு மூலைக்கு வந்து, வீடுகளின் பக்கமாக இறங்கி, படத்தின் சட்டத்தையே தாண்டி வெளியே போயிருந்தது.

"அக்கா," என்றான். இதுவரை அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "இது என்ன கோடு?"

"அமைதி போற வழி தம்பி."

எட்வின் முகத்தில் தூக்கம் கலைந்த மாதிரி இருந்தது. முத்திரையைக் குத்தினான். குனிந்தபடியே சொன்னான்: "ஊருக்குள்ள மண்வெட்டி கொண்டுபோக அனுமதி இல்ல. பட்டியல்ல போட்டிருக்கு. காம்பு இல்லாத இரும்பப் பத்தி ஒண்ணும் போடல."

அவள் வெளியே வந்து படிக்கட்டில் காத்திருந்தாள். அடுத்து முனாஃப் போனார். கதவு இடுக்கு வழியே எட்வினின் குரல் கேட்டது: "பாய், அந்த மரத்தடியில ஒண்ணுமே இல்லையே, அங்க எதுக்கு இவ்வளவு நேரமா சிரிச்சுக்கிட்டே பாக்குறீங்க?" அதற்கு முனாஃப் சொன்னது: "கூட்டம் அதிகம் சார். கொஞ்சம் நேரமாகும்."

*

வசந்தவெளி படம் மாதிரியே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. பேருந்திலிருந்து இறங்கின பதினோரு பேரும் மேலே நிமிர்ந்து பார்த்தார்கள். ஏரி விளிம்பில் தளும்பியது. வானத்தில் மேற்கே கறுப்பு ஏறியிருந்தது.

வரப்பில் இடுப்புக் குடத்தோடு ஒரு பெண் முதுகைக் காட்டி நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

"வல்லி!"

அவள் திரும்பவில்லை. வரப்பின் கடைசி வரைக்கும் அதே நடை நடந்து போய், மரத்துக்குப் பின்னால் மறைந்த பிறகுதான் குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அக்கா! திரும்பக் கூடாதுக்கா, கம்பத்துக் கண்ணு பாக்கும். இதான் எனக்குக் குடுத்த வேல. காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். சிரிப்பன்னு சொன்னேன்ல?"

தையல்நாயகி குடத்தை எடுத்துப் பார்த்தாள். காலி. உள்ளே துளி ஈரம்கூட இல்லை.

"வாத்தியாரு வேல?"

"படத்துல பள்ளிக்கூடம் இல்லையேக்கா."

எட்டு மாசத்தில் தங்கச்சி எப்படி இப்படித் தேய்ந்து போனாள் என்று யோசித்தாள் தையல்நாயகி. அதைக் கேட்க நேரம் இல்லை. முதல் தூறல் விழுந்துவிட்டது. மறுநாள் விடியும்போது அது மழையாகியிருந்தது.

விடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கருவேலத்தில் ஒரு கிளையை ஒடித்துச் செதுக்கி, புடவைச் சுருட்டிலிருந்து மண்வெட்டி இரும்பை எடுத்துக் காம்பு போட்டாள். தென்கிழக்கு மூலைக்குப் போனாள். நெல் தலை சாய்த்து, கதிர் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏரியிலிருந்து இறங்குகிற தண்ணீர் நிறம் மாறியிருந்தது, கலங்கல். வீட்டுப் பக்கத்து வரப்பில் அங்கங்கே கசிவு. மத்தியானம் வரைக்கும் தாங்கினால் பெரிசு.

இறங்கினாள். வெட்டினாள்.

மூன்றாவது வெட்டுக்குள் கம்பத்துப் பெட்டி வாயைத் திறந்தது. பெண் குரல், தேன் மாதிரி. "அன்பான குடியிருப்பாளரே, வணக்கம். இந்தக் கோடு படத்தில் இல்லை. தயவுசெய்து சரிசெய்யவும்."

"நானுந்தான் படத்துல இல்ல," என்றாள் தையல்நாயகி மண்ணை அள்ளி எறிந்துகொண்டே. "வந்து நிக்குறேன்ல? எழுதிக்க."

வீட்டு வாசல்களில் சனம் வந்து நின்றது. நல்ல சனம், சாதுவாக, மழையை ரசித்துக்கொண்டிருந்த சனம். என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மரத்தடியில் முனாஃப் மூன்று கல் கூட்டி, நனையாத சுள்ளியைத் தேடி ஊதிக்கொண்டிருந்தார். "பாக்குறவங்க பாத்துக்கிட்டே நில்லுங்க," என்று சத்தம் போட்டார். "வெட்டுறவங்களுக்குத்தான் டீ!" அவரோடு பேருந்தில் வந்த ஒன்பது பேரும் அகப்பை, தட்டு, முறம் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

"படத்தில் இல்லாதவர்கள் பதினோரு பேர் தென்படுகிறார்கள்," என்றது பெட்டி. "மரத்தடியில் புகை தென்படுகிறது."

வல்லி வரப்பில் நின்றாள். காலை வேலைக்கான நேரம். இடுப்பில் குடம். வெள்ளைப் பாதங்கள் மழையில் நனைந்தன.

"எறங்கு," என்றாள் தையல்நாயகி.

"அக்கா..."

"எறங்குடி."

"நீதானேக்கா எறங்கக் கூடாதுன்னு... என் காலுல ஒரு நாளும் பட விட்டதில்லையே."

மண்வெட்டி நின்றது. மழை அக்காவின் முகத்தில் வழிந்தது. வேறு ஏதும் வழிந்திருந்தால் தெரியாது.

"தப்புப் பண்ணிட்டேன் சாமி. பாசம்னு நெனச்சேன். ஒனக்குத் தெரியாம ஆக்கிட்டேன். இந்த வரப்பு ஒடஞ்சா மொதல்ல போறது ஒன் வீடு. எறங்கு. அந்தக் கொடத்தால சேத்த அள்ளி அந்தாண்ட ஊத்து."

வல்லி கம்பத்தைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு ஒரு காலை எடுத்து வைத்தாள். கால் புதைந்ததும், "அம்மா!" என்றாள். அடுத்த காலும் இறங்கியது. குடத்தை முக்கினாள். எட்டு மாசத்தில் முதல் தடவையாக அந்தக் குடம் கனத்தது.

வாசலில் நின்றவர்களில் ஒருத்தர் செருப்பைக் கழற்றினார். அப்புறம் இன்னொருத்தர்.

வேலிக்கு இன்னும் நாலு முழம் இருக்கும்போது தண்ணீருக்கே வழி தெரிந்துவிட்டது. அது வெட்டுகிறவர்களை முந்திக்கொண்டு, பூச்செடிகளை வேரோடு தள்ளிக்கொண்டு, ஓடைக்குள் தடதடவென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே பெட்டியின் குரல் ஏறியது. தேன் கொஞ்சம் குறைந்திருந்தது.

"வரப்பில் குடத்துடன் செல்ல வேண்டிய பெண்ணைக் காணவில்லை. குடத்துடன் செல்ல வேண்டிய பெண் எங்கே?"

முழங்கால் சேற்றில் நின்றவள், நெற்றியில் ஒட்டிய முடியைப் புறங்கையால் ஒதுக்கினாள். படத்தில் எப்போதும் முதுகைக் காட்டியே போகிற அந்தப் பெண் திரும்பினாள். கம்பத்துக் கண்ணை நேராக நிமிர்ந்து பார்த்தாள். சேறு பூசிய முகம்.

"இஞ்சதான் இருக்கேன்!" என்று கத்தினாள் வல்லி.